கடைசி வரியில் வைத்த பெயர்

வியாழன், இரவு.

கணபதி பகுதியில் ஒரு பட்டறையில் மின்சாரம் தாக்கி இறந்த நஞ்சப்பனின் மனைவி இன்று மதியம் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். நான் எழுதி நேற்று வெளியான செய்தியைக் கத்தரித்துக் கொண்டுவந்திருந்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க அம்மணி. என்ற ஊட்டுக்காரரு பேரு எதுன்னு தொட்டுக் காட்டுங்க."

பெயர் அதில் இல்லை. இடம் போதாவிட்டால் செய்தியை அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். அது தெரிந்தும் விபத்தால் அந்தப் பகுதியில் ஏற்பட்ட மின்தடையை முதலில் எழுதினேன், நஞ்சப்பனின் பெயரைக் கடைசி வரியில் வைத்தேன்.

'தொழிலாளி' என்ற சொல்லைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் அதை விரலால் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பொண்ணு பள்ளிக்கூடம் உட்டு வந்ததும் படிச்சுக் காட்டச் சொல்றேனுங்க" என்றார்.

அவள் இந்நேரம் படித்திருப்பாள்.