சகலை வண்டிக்கு ஒரு சவுக்கு வேலி

மார்ச் 2

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது தெருவில் பீப் பீப் என்று சத்தம். குப்பை வண்டி என்று நினைத்து வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குப்பை வண்டி இல்லை. சகலை கேரவன் வாங்கியிருக்கிறான். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற, பஸ் மாதிரி நீளமான வண்டி. பழையதுதான், ஆனாலும் பளபளவென்று இருந்தது. நான் வாயில் நுரையோடும் கையில் குப்பையோடும் நின்றேன்.

என் மனைவியும் அவன் மனைவியும் அக்கா தங்கை. அடுத்தடுத்த வீடு. நடுவில் மதில் வேண்டவே வேண்டாம் என்று வீடு கட்டும்போதே இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். அதன் பலன், அந்த வண்டி இப்போது என் ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்கிறது. அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். நான் செடி நர்சரியில் சூப்பர்வைசர், இத்தனை வருஷமாக அதே மொபெட்.

நேரில் பார்த்தால் "வாங்க சகலை, போங்க சகலை" என்றுதான் பேசுவேன். இந்த நோட்டில் அவன், அவன்தான்.

மார்ச் 9

தெருவிலிருந்து நேராக உள்ளே விட்டு நிறுத்தலாம். மாட்டான். ஒவ்வொரு தடவையும் தெருவை அடைத்துக்கொண்டு ரிவர்ஸில்தான் வருகிறான். பீப் பீப் பீப். வியர்த்து வழிய, தலையை வெளியே நீட்டி, முன்னால் போய், மறுபடி பின்னால் வந்து — எதற்கு? கதவு எங்கள் ஜன்னலைப் பார்த்து நிற்க வேண்டும், உள்ளே இருக்கிற ஃப்ரிட்ஜ் எனக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான். என்ன ஒரு பந்தா!

மார்ச் 15

சாயங்காலமானால் வண்டிக்குள் டீ. இவளும் தினமும் போய்விடுகிறாள். டீ போடுவது அவனேதான். நான் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். (பார்த்தேன். அதில் என்ன தப்பு? என் வீட்டு ஜன்னல்.) மூன்று பேருக்கு நாலு கப் எடுத்து வைக்கிறான். ஊதாரி.

அவன் ஏதோ சொன்னான். இவள் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு. வயதாக ஆக எல்லோருக்கும் குறைந்துவிடும்போல என்று நினைத்திருந்தேன். குறையவே இல்லை, பக்கத்து வீட்டில் பத்திரமாக இருக்கிறது. வயிறு எரிகிறது. சொந்த நோட்டில் எழுதுவதற்கு என்ன வெட்கம்.

மார்ச் 16

"நேத்து என்ன அப்படி ஒரு சிரிப்பு?" என்று கேட்டேன், செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தம்பி ஏதோ சொன்னாரு." தங்கை புருஷனை இவள் அப்படித்தான் சொல்வாள்.

"என்ன சொன்னார்?"

"இங்க சொன்னா சிரிப்பு வராது. நீங்களும் வாங்களேன். உங்களை யாரு தடுத்தா?"

முட்டி வலி என்றேன். ஜன்னலிலிருந்து அந்த வண்டிக்குப் பத்தடி இருக்கும்.

ஏப்ரல் 4

சகலை வந்தான். மேற்கு வெயில் என் வீட்டுப் பக்கமிருந்து அடித்து வண்டியின் பெயின்ட் உரிகிறதாம், உள்ளே உட்கார முடியவில்லையாம். உயரமாக ஒரு வேலி வைத்தால் நிழல் கிடைக்குமே என்று யோசித்திருக்கிறான்.

"செடி நீங்க நட்டா பட்டுப்போகாதுண்ணே. உங்க கை ராசி. எந்தச் செடின்னு நீங்களே முடிவு பண்ணுங்க. கதவுக்கு நேரா ஒரு ஆள் நுழையற அளவுக்கு வழி மட்டும் விட்டுடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் வண்டிக்கு நான் குடை பிடிக்க வேண்டுமா? மறுக்க வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். வேலி உயர்ந்தால் அவனுக்கு நிழல், எனக்கு மறைப்பு! அந்த ஃப்ரிட்ஜ், அந்தக் கப்புகள், எதுவும் கண்ணில் படாது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "அதுக்கென்ன சகலை, ஜமாய்ச்சுடலாம்" என்றேன்.

ஏப்ரல் 5

வழி விட வேண்டுமாமே, வழி. எதற்கு? இவள் போய் வரவா?

ஏப்ரல் 19

அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு மூன்று நாள் வெளியூர். நல்ல சமயம். நர்சரியில் பெரிய பையில் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்த சவுக்கை வேனில் ஏற்றி வந்தேன். சவுக்கை நெருக்கி நட்டு, நுனியைக் கத்தரித்து வளர்த்தால் சுவர் தோற்றுப்போகும். நாள் முழுக்க நட்டேன். தெருவிலிருந்து கொல்லைவரை, இடைவெளியே இல்லாமல்.

இவள் வாளியோடு வந்து நின்றாள். "வழி விடச் சொன்னாரே?"

"செடி விஷயத்துல எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்."

அவள் வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 21

வந்துவிட்டார்கள். வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு இறங்கி, வேலியைப் பார்த்தான். அப்புறம் என் ஜன்னலைப் பார்த்தான். நான் காரணத்தைத் தயாராக வைத்திருந்தேன். "வழி விட்டா அந்தச் சந்துல வெயில் நேரா அடிக்கும் சகலை. நிழல் கெட்டுடும்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே. ரொம்ப அழகா நட்டிருக்கீங்க."

நேராக உள்ளே விட்டு நிறுத்தினான். பீப் இல்லை, ஒன்றும் இல்லை. கதவு இப்போது அவர்கள் வீட்டைப் பார்க்கிறது. என் பக்கம் சவுக்கு மட்டும்தான். ஜெயித்துவிட்டேன்.

மே 3

ஜெயித்து என்ன? இவள் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறாள், அவ்வளவுதான். எனக்கு எதுவும் தெரிவதில்லை, சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. முன்பாவது யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பார்க்க முடிந்தது. இப்போது எல்லாச் சிரிப்பும் என்னைப் பற்றித்தானோ என்று இருக்கிறது.

இன்று பொறுக்கமாட்டாமல் போய் இரண்டு செடியை விலக்கி எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த மச்சினி, "அத்தான், என்ன தேடறீங்க?" என்றாள்.

"பூச்சி" என்றேன்.

"நல்லாப் பாருங்க, பெரிய பூச்சியா இருக்கப்போகுது" என்றாள். ஊசி இலை குத்தி இடது கண் சிவந்துவிட்டது.

மே 20

சண்டை.

ஒரு வாரம் கடற்கரைப் பக்கம் போகிறார்களாம். "உங்களையும்தான் கூப்பிட்டாங்க" என்றாள். நர்சரியில் வேலை என்றேன். "சரி, அப்ப நான் போறேன்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்!

நான் கத்திவிட்டேன். போ, நல்லா போ, அங்கேயே இருந்துக்கோ, நான் போட்ட டீய என்னைக்காவது ஒரு வாய் நல்லாருக்குன்னு சொல்லியிருக்கியா, மூணு பேருக்கு நாலு கப் வைக்கிற ஊதாரிப்பய டீதானே உனக்கு இனிக்குது — என்னென்னவோ சொன்னேன்.

அவள் கத்தவே இல்லை. பெட்டியில் புடவையை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்த நாலாவது கப் உங்களுக்கு. தினமும் ஆறிப்போனதும் நான்தான் கொட்டுவேன்."

"யாரு வைக்கச் சொன்னா?"

"தம்பிதான். ரிவர்ஸ் எடுக்க அவரு எவ்வளவு திண்டாடுவாருன்னு பாத்தீங்களே. நேரா விட்டா கதவு அவங்க வீட்டுப் பக்கம் போயிடும். அண்ணன் கூப்பிட்டா வரமாட்டாரு, கதவு அவரு வீட்டைப் பாத்து இருந்தா என்னைக்காவது தானா வந்துடுவாருன்னு வாங்கின அன்னிக்கே சொன்னாரு. அந்தக் கதவுக்கு நேராதான் நீங்க செடி வெச்சீங்க."

அதைக் கேட்டும் ஒரு எரிச்சல் பாருங்கள் — நல்லவனாகவும் அவனே இருக்க வேண்டுமா?

மே 21

போய்விட்டாள். வாசல்வரை போகாமல் ஜன்னலில் நின்றேன். வேலி மறைத்துவிட்டது. கையாட்டினாளா தெரியாது.

மே 22

அந்த வண்டி மேலேயே பொறாமையாக இருக்கிறது. அவளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறதே.

மே 24

டீ போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. சொல்ல ஆள் இல்லை.

குடித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தேன். வண்டி ரிவர்ஸில் வந்து நிற்கும்போது கதவு எங்கே வரும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? எத்தனை நாள் அதையே முறைத்துப் பார்த்திருக்கிறேன். நேராக அந்த இடத்தில் மூன்று செடியை வேர் அறாமல் மண்ணோடு பெயர்த்தேன். கொல்லைக் கோடியில் குழி எடுத்து நட்டுத் தண்ணீர் விட்டேன். பிழைக்கும் என்று நினைக்கிறேன்.

ராத்திரி போன் செய்தாள். பின்னால் கடல் சத்தம், அவன் குரல், எல்லாம் கேட்டது.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"முட்டி வலி எப்படி இருக்கு?"

"ம்."

செடியைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அவனிடம் சொல்வாள், அவன் பெருந்தன்மையாக ஏதாவது சொல்லித் தொலைப்பான், அதை என்னால் தாங்க முடியாது. ஆனால் சொல்லாவிட்டால் அவன் நேராக விட்டுவிடுவானே? அவன் எதற்கு என்னை நம்பி மறுபடி திண்டாட வேண்டும்? நானாக இருந்தால் மாட்டேன்.

மே 28

மத்தியானத்திலிருந்தே தெருவில் நின்றேன். வண்டி வந்தது. நேராக உள்ளே திரும்பப்போனவன் பிரேக் போட்டான். வேலியில் இருந்த வழியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

வண்டி முன்னால் போய் நின்றது. அப்புறம் பீப், பீப், பீப்.

நான் வண்டிக்குப் பின்னால் ஓடி, "வரலாம் வரலாம், லெஃப்ட்ல ஒடி, இன்னும் ஒடி, செடி, செடி! ஆங், போதும்" என்று கத்தினேன். நான் சொல்லச் சொல்ல ஒடித்தான். ஒரே தடவையில் உள்ளே வந்துவிட்டது, இதுவரை வந்ததே இல்லை.

கதவு திறந்தது. முதலில் இவள்தான் எட்டிப் பார்த்தாள், கடற்கரை வெயிலில் கறுத்துப்போய். நகர்ந்து வழிவிட்டாள்.

"கதவுல வெயில் அடிக்குமேண்ணே?" என்றான் சகலை.

"அடிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே படி ஏறினேன். முட்டி உண்மையிலேயே வலித்தது.

உள்ளே அந்த ஃப்ரிட்ஜ். என்னுடையதைவிடச் சின்னது. மச்சினி கப்பை நீட்டி, "பூச்சி கெடச்சுதா அத்தான்?" என்றாள். இவள் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் என் தோளில் இடித்தது.

அவன் டீ அருமையாக இருந்தது. பொறுக்கவில்லை. இன்னும் ஒரு கப் கேட்டேன்.