கயிற்றை விட்டுவிட்டேன்

அத்தைக்கு, மருமகள் மாரிசெல்வி கும்பிட்டு எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் வெம்பக்கோட்டையில் நன்றாகவே இருக்கிறேன்.

நேற்று எங்கள் பட்டாசுக் கம்பெனிக்குப் பக்கத்துக் கிணற்றில் ஒரு சினைமாடு விழுந்துவிட்டது. தீயணைப்புக்காரர்கள் இறங்கி அதன் வயிற்றில் வார் கட்டினார்கள். நாங்களும் சேர்ந்து கயிறு இழுத்தோம். மாட்டின் தலை மேலே தெரிந்ததும் யாரோ ஒருவன் சந்தோஷத்தில் சரவெடியைக் கொளுத்திவிட்டான். உங்கள் மகனைக் கொண்டுபோன வெடிவிபத்து நினைவில் வந்து, கயிற்றை விட்டுவிட்டு ஓடினேன். மற்றவர்கள்தான் தாங்கிப் பிடித்துக் கரையேற்றினார்கள்.

“ஏத்தா, வெடி செய்றவளே வெடிக்குப் பயந்தா எப்பிடி?” என்று சிரித்தார்கள். அவர்கள் எல்லார் உள்ளங்கையிலும் கயிறு அறுத்த காயம். என் கையில் ஒன்றுமில்லை. முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

வேலைக்குச் சேலைமேல் போட, நீங்கள் எடுத்து வைத்திருக்கும் அவர் சட்டையை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். கம்பெனி வேன் வந்துவிட்டது. சட்டையைத் துவைக்க வேண்டாம், அத்தை.

மாரிசெல்வி