இரண்டாவது டிஸ்க்

மார்ச் 4, செவ்வாய்

லேப்டாப் திறக்கவில்லை. அவர் போன பிறகு அதில்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து எடுத்த போட்டோக்கள், அப்புறம் அந்த ஒரே ஒரு வீடியோ — "ஏய், கேமராவை ஆஃப் பண்ணுடி, சட்டை போடல" என்று கத்துவாரே, அது. ஆன்லைனில் ஒரு பிரதி இருக்கிறதாம். பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். அதையும் கூடவே கொண்டுபோய்விட்டார் மனுஷர்.

மார்ச் 7, வெள்ளி

கிடைத்துவிட்டது! கம்ப்யூட்டர் கடைக்காரர் எல்லாவற்றையும் மீட்டுவிட்டார். கடையிலேயே அழுதேன், மானம் போயிற்று.

பென் டிரைவில் போட்டுத் தரச் சொன்னேன். கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "அது கை மாத்தத்தாம்மா, காலத்துக்கும் வெக்க இல்ல. டிவிடியும் வேணாம், கீறல் விழுந்தா போச்சு. ரெண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்க. வருஷத்துக்கு ஒரு தடவையாவது போட்டுப் பாருங்க, சும்மா கிடந்தாலும் கெட்டுப்போகும். ஒண்ணை வேற வீட்ல வைங்க. இங்க தீப்பிடிச்சாலும் அங்க இருக்கும்."

"வேற வீடுன்னா?"

"யாராவது இருப்பாங்கல்ல?"

மார்ச் 8

இருப்பார்களாமே. யார்?

மார்ச் 11

இரண்டு டிஸ்க் வாங்கியாயிற்று. ஒன்றை ஆபீசுக்கு எடுத்துப் போனேன். பக்கத்து சீட்காரியிடம் கேட்க வாய் வரவில்லை. மாடி வீட்டுக்காரர் தினமும் வணக்கம் சொல்வார். வணக்கம் சொல்கிறவரிடம் புருஷனைக் கொடுத்து வைக்க முடியுமா? பையில் போனது பையிலேயே திரும்பி வந்தது.

மார்ச் 15, சனி

வேறு வழியில்லை, நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அவர் போன பிறகு எங்களுக்குள் சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. வாசலிலேயே டிஸ்க்கை நீட்டினேன்.

"உங்க அண்ணன் போட்டோ. சும்மா வெச்சிருந்தா போதும்."

"உள்ள வாங்க அண்ணி."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பஸ் வர வெகு நேரம் ஆயிற்று. ஒற்றை ஆளாய் நின்றேன். நல்லா வேணும் எனக்கு.

மார்ச் 18

நாத்தனார் போன் செய்தாள். முதலில் அழுகை மட்டும்தான். அப்புறம், "அண்ணன் கத்துறதைக் கேட்டேன் அண்ணி. சட்டை போடலையாம்!" சிரித்துவிட்டோம், இரண்டு பேரும். கடைக்காரர் சொன்ன 'வேற வீடு' கதையையும் சொன்னேன்.

மார்ச் 23, ஞாயிறு

வந்தாள். பையிலிருந்து அவளும் ஒரு டிஸ்க் எடுத்தாள். அவளும் அவரும் சின்ன வயதில் எடுத்துக்கொண்ட படங்கள், அவள் கல்யாணம், எல்லாம் இருக்கிறதாம்.

"இதை நீங்க வெச்சுக்கோங்க அண்ணி. எனக்கு மட்டும் வேற வீடு எங்க இருக்கு?"

அலமாரியில் என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். வருடத்துக்கு ஒரு தடவை போட்டுப் பார்த்தால் போதும் என்றார் கடைக்காரர். நான் அடுத்த ஞாயிறே வரச் சொல்லிவிட்டேன்.