ஷூ ஸ்டாண்டில் இருக்கும் கறுப்பு ஹெல்மெட்

அக்கா,

மருந்துக்கடையில் நாள் பூரா நின்றுவிட்டுப் பசியோடு வருவாய். முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாயங்காலம் அவள் வருவாள். நான் ஊரில் இல்லை என்று சொல்லிவிடு. ஷூ ஸ்டாண்டில் இருக்கும் கறுப்பு ஹெல்மெட் அவள் அண்ணனுடையது. அதை வாங்க அவனும் கூட வருகிறான். அதனால்தான் ஓடுகிறேன்.

காலையில் நீ, "என்னடா மாப்பிள்ளை, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே, அவகூட சண்டையா?" என்றதற்கு உன்மேல் எரிந்து விழுந்தேன். மன்னித்துவிடு. சண்டையே இல்லை. அவள் தங்கமானவள். ஒரு வருடமாகக் கைகோத்துச் சுற்றுகிறோம், என் நெஞ்சு ஒருநாளும் படபடத்ததில்லை. போன வாரம் அவள் அண்ணன் அந்த ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்து, "தாடையைத் தூக்குடா" என்று வாரை மாட்டிவிட்டான். அவ்வளவுதான். அன்று போன தூக்கம் இன்னும் வரவில்லை.

பதினேழு வயதில் எனக்கு யாரைப் பிடிக்கும் என்பதுகூடத் தெரியவில்லை, அக்கா. அவளை ஏமாற்றுகிறேனோ என்று தோன்றுகிறது. அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

அப்பா வருவதற்குள் இதைக் கிழித்துவிடு.

பி.கு.: ஊரில் இல்லை என்று சொல்லாதே. பூங்கா வாசலில் இருக்கிறேன் என்று சொல்லி, அவளை மட்டும் அனுப்பு. என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. சாவி என்னிடம் இருக்கிறது. இதைப் படித்த பிறகு கதவுக்கு உள்சங்கிலியை மட்டும் போட்டுவிடாதே, அக்கா.