சிரிக்கிற மூஞ்சியை அமுக்கினேன்

டிசம்பர் 9, திங்கள்

உலை கொதிக்கும் நேரத்தில்தான் இந்தச் செல்போனுக்கு அக்கறை பொத்துக்கொண்டு வரும். மணி அடித்து, 'முத்து, இன்று தங்கள் மனநிலை எவ்வாறு உள்ளது?' என்று கேட்டு ஐந்து மூஞ்சிகளைக் காட்டும். ஒரு கோடியில் பச்சையாகச் சிரிக்கிற மூஞ்சி, மறு கோடியில் சிவப்பாக அழுகிற மூஞ்சி. புயலில் அடிபட்ட வீடுகளுக்கெல்லாம் தொண்டு நிறுவனத்துப் பெண் அபி வந்து இந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். பெயர் என் வீட்டுக்காரருடையது; இவர் போன் துறைமுகத் தண்ணீரில் போய்விட்டதால் என் போனில்.

புயலன்று தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகை இறுக்கிக் கட்டப் போனார்கள், இவரும் இவர் கூட்டாளி கலைவாணனும். கயிறு அறுந்து இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். இவர் மட்டும் ஏறி வந்தார். அன்றிலிருந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். சோறு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்க மாட்டார். மூஞ்சியையா அமுக்கப் போகிறார்? நானே அமுக்கிவிட்டு லாஸ்பேட்டை மருந்துக்கடைக்கு வேலைக்கு ஓடுகிறேன்.

டிசம்பர் 11, புதன்

ஆப்பில் 'மன அமைதிப் பயிற்சி' என்று ஒன்று இருக்கிறது. இவர் பக்கத்தில் வைத்துப் போட்டேன். 'மூச்சை இழுத்து அடக்கி வையுங்கள்' என்று ஒரு பெண் குழைகிறாள். பின்னால் அலைச் சத்தம். கடல் அலை!

இவர் எழுந்து காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். தண்ணியில முழுகி வந்த மனுஷனுக்கு மூச்ச அடக்கச் சொல்றாளுங்களே, இவளுங்களுக்கு அறிவு இருக்கா?

டிசம்பர் 12, வியாழன்

போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடி வைத்தேன். அங்கிருந்தும் மணி அடித்தது.

டிசம்பர் 14, சனி

சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் இவர் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு ராஜவேல் அண்ணன் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். படகு கட்டுகிற இடத்தில், விளிம்பில் தனியாக நின்றிருந்தாராம். "அங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். "சும்மா" என்றார்.

எதற்குப் பயப்படுகிறேன் என்று எழுதக் கை வரவில்லை. — எழுதறேன். செத்துப்போயிடுவாரோன்னு பயமா இருக்கு. எழுதிட்டேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

அபி வந்தாள். ஏன் எங்களை மட்டும் யாரும் போனில் கூப்பிட்டு விசாரிக்கவில்லை என்று அவள்மேல் பாய்ந்தேன். பாவம், தன் போனைத் திறந்து காட்டினாள். "அக்கா, உங்க வீட்டுது பூராவும் பச்சையா இருக்கே. பச்சை வந்தா எங்க ஆலோசகர் மேடம் கூப்பிட மாட்டாங்க. சிவப்பா இருக்கிற வீட்டுக்குத்தான் மொதல்ல போவாங்க."

பச்சை அமுக்கியது நான்தான். தினமும்!

கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் சொல்லிக் கொடுத்தது இது. படகுக்காரன் வீட்டில் கெட்ட வார்த்தை எடுக்கக் கூடாது. ஆம்பளை கடலில் இருக்கும்போது யார் கேட்டாலும் 'நல்லாருக்காரு' என்றுதான் வாயில் வரவேண்டும், காய்ச்சலோடு போயிருந்தாலும். வாய் பழகிவிட்டது. வாயைப் பார்த்து விரலும் பழகிவிட்டது போல. அழுகிற மூஞ்சிப் பக்கம் விரலைக் கொண்டுபோனாலே அபசகுனமாக இருந்தது. படகே உடைந்து கரையில் கிடக்கிறது, இனி எந்தச் சகுனத்தைக் காப்பாற்றப் போகிறேன்?

டிசம்பர் 16, திங்கள்

சிவப்பை அமுக்கினேன். 'பகிர்ந்தமைக்கு நன்றி' என்று ஒரு பூ வந்தது. அடுத்து, 'ஒரு குவளை தண்ணீர் அருந்துங்கள்.'

தண்ணி குடிக்கணுமாம்!

'உடனடி உதவி' என்பதைத் தொட்டேன். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு, அப்புறம் காத்திருக்கச் சொல்லி வீணை. வீணை வாசித்து முடிவதற்குள் ஒரு உயிர் போய்விடும். கத்தினேன். இவர் திரும்பிப் பார்த்தார். அந்த மட்டும் லாபம்.

இன்று வேலைக்குப் போகவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

சந்திரகலா மேடம் போன் செய்தார். சிவப்பு வந்த வீடுகளுக்குப் பேசுகிற மனநல ஆலோசகர். எடுத்த எடுப்பில் அலைச் சத்தத்துக்காகச் சண்டை போட்டேன். "நியாயம்தாம்மா. இத யோசிக்காம வெச்சுட்டாங்க. எடுக்கச் சொல்றேன்" என்றார். அப்புறம் நேராகவே கேட்டார், செத்துப்போகணும்னு ஏதாவது பேசறாரா என்று. விளிம்பில் நின்றதைச் சொன்னேன். தனியாக விடவேண்டாம், நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள், நானும் வருகிறேன் என்றார்.

இவர் போனை வாங்க மாட்டேன் என்றார். ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலில் வைக்கச் சொன்னார் மேடம். வைத்தேன். அவரும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று எடுக்கப் போனேன்.

சுவரைப் பார்த்தபடியே இவர் சொன்னார்: "அவங்களக் கேளு. கலைவாணன் கைய நான் உட்டனா, அவன் உட்டானா?"

இத்தனை நாளும் இதைத்தானா உள்ளே வைத்திருந்தார்?

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றார் மேடம். "நாளைக்கு நேர்ல சொல்லுங்க. முழுசா கேக்கறேன்."

டிசம்பர் 18, புதன்

போனோம். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மேடம் அறையில் இவர் அழுத சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது.

டிசம்பர் 26, வியாழன்

மாத்திரை போட்டால் ராத்திரி தூங்குகிறார். கலைவாணன் வீட்டுப் பக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. நேற்று நன்றாகப் பேசினார், இன்று பழையபடி சுவர். எனக்கு அலுத்து வருகிறது. யாரிடம் சொல்ல?

ஜனவரி 5, ஞாயிறு

அரிசி களைந்துகொண்டிருந்தேன். மணி அடித்தது. இவரே எழுந்துபோய்ப் போனை எடுத்தார்.

"இது யாரக் கேக்குது?"

"உங்களத்தான். உங்க பேருதான போட்டிருக்கு."

"உன்ன யாரு கேக்கறா?"

இன்னொரு தண்ணீர் விட்டுக் களைந்தேன். பக்கத்தில் வந்து குந்தினார். போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினார். "எந்த மூஞ்சி, சொல்லு மாலா."

"நல்லாருக்கேன்" என்றேன்.

"பொய் சொல்லாத. படகு ஒண்ணும் கடல்ல இல்ல. நெஜத்தச் சொல்லு."

ஈரக் கையால் சிவப்பைக் காட்டினேன். அவரே அமுக்கினார். அதே பூ வந்தது. அதற்குக் கீழே வந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

"தண்ணி குடிக்கச் சொல்லுது" என்று சொம்பை என்னிடம் நீட்டினார்.

குடித்தேன்.