மீதி ஐந்து சதவீதம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீ நலம் என்று எழுதியிருந்தாய். இருமலைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் பாதிதான் நம்புகிறேன். உன் சித்தப்பா நம்மோடு பேசி இரண்டு வாரமாகிறது, காரணம் மீன்கள். அவருடைய கம்பெனி மேட்டு நிலங்களுக்கு விற்கும் பூச்சிமருந்தை ஆற்றோர வயல்களிலும் தெளிக்க வேண்டுமாம், அந்த மருந்தால் ஆற்று மீனுக்கு ஆபத்தில்லை என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் கையெழுத்திட வேண்டும். சோதனைக்கு அவர்கள் அனுப்பியது பஞ்சு வைத்த பெட்டியில் தெளிந்த நீர் போல ஒரு குப்பி சுத்த மருந்து. நான் கடையில் அதே மருந்தை ஒரு டப்பா வாங்கினேன், ஆறிய தேநீர் நிறம். லேபிளில் தொண்ணூற்றைந்து சதவீதம் மருந்து என்றிருந்தது, மீதி ஐந்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டு தொட்டிகளிலும் மருந்தின் அளவு ஒன்றாகவே வரும்படி கலந்து, மூன்றாவதில் வெறும் நீர் விட்டு, தொட்டிக்குப் பத்து மீன் விட்டேன். நான்கு நாள் கழித்துக் குப்பித் தொட்டியிலும் வெறும் நீரிலும் பத்தும் நீந்தின, டப்பாத் தொட்டியில் எட்டு மிதந்தன.

எங்கள் இயக்குநர், குடுத்த சாம்பிளைப் பாக்காம உங்கள யாரு மேடம் கடைக்குப் போகச் சொன்னது என்றார். மீன்கள் பலவீனமாக இருந்திருக்கலாம் என்றும் ஒரு கருத்துச் சொன்னார், எட்டு பலவீனமான மீன்களும் பேசிவைத்துக்கொண்டு ஒரே தொட்டியில் சேர்ந்தன போலும். மாலையில் சித்தப்பா வீட்டுக்கே வந்தார். மருந்து அதேதான் அண்ணி, மீதி வெறும் கசடு, கசடு போய் யாரையாவது கொல்லுமா என்றார். அப்படியானால் உங்கள் வீட்டு வண்ணமீன் தொட்டியில் இந்த டப்பாவிலிருந்து ஒரு சொட்டு விடுங்கள், நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். ஐயோ, அதுங்க பாவம் அண்ணி, பேர்லாம் வச்சிருக்கோம் என்றார். அப்பா செய்தித்தாளை முகத்துக்கு மேலே உயர்த்திக்கொண்டார், சிரிப்பை மறைக்க.

மூன்று தொட்டிகளின் கணக்கையும் ஒரே பக்கத்தில் எழுதி, கடைச் சரக்குக்கு அனுமதி கூடாது என்று கையெழுத்திட்டுவிட்டேன். அனுமதி நின்றுபோனது. திங்கட்கிழமையிலிருந்து நான் எழுதுபொருள் அறைக்குப் பொறுப்பாளர், பென்சில்களை எண்ண இருபத்தைந்து வருட அனுபவமுள்ள ஆள் தேவைப்பட்டதாம். வருந்தாதே, அங்கே ஜன்னல் இருக்கிறது, ஜன்னலிலிருந்து ஆறு தெரிகிறது.

நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் உனக்கு வாய்க்கட்டும். இருமலுக்கு மருத்துவரைப் பார், மருந்துச் சீட்டில் எழுதாததையும் கேள். சித்தப்பாவின் பிறந்தநாள் வருகிறது, வாழ்த்தனுப்ப மறக்காதே. மீன்களையும் பெயர் சொல்லி விசாரி.

உன் சொல்லை மட்டும் பாதியாவது நம்பும்,
அம்மா