ஏழாம் எண் கட்டம்

அருப்புக்கோட்டை
7.7.2025

அன்பு முத்துலட்சுமி,

நலம். நீயும் நலமாயிருக்க துஆ செய்கிறேன்.

இந்த வாரக் குறுக்கெழுத்துக் கட்டத்தை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். வழக்கம்போல இடமிருந்து வலம் என்னுடையது, பேனாவில் எழுதிவிட்டேன். மேலிருந்து கீழ் உன்னுடையது. போனில் விடை கேட்கக் கூடாது.

ஏழாம் எண்தான் படுத்திவிட்டது. ‘ஊரே குடிக்கும், யாரையும் குளிக்க விடாது.’ மூன்று எழுத்து. கடைசியில் ‘கிணறு’ என்று எழுதினேன். என் வீட்டுக்காரர் இருந்தவரை எங்கள் கிணற்றில் யாரையும் இறங்க விட்டதில்லை.

உன் மகன் ராஜபாண்டி திருப்பூருக்கே குடிபோகிறான் என்று எழுதியிருந்தாய். நீ பரளச்சியில் தனியாகக் கிடக்க வேண்டாம். என் மகன் சபீர் சவுதியில், தம்மாமில் இருக்கிறான். என் வீடும் காலிதான். கீழறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டேன். ஆடி பிறக்குமுன் வந்துவிடு. உன் ஊறுகாய் ஜாடிகள் மட்டும் மாடியில் இருக்கட்டும். எனக்கு அந்த வாடை ஆகாது.

உன்
ஜைனப்


பரளச்சி
11.7.2025

அன்புள்ள ஜைனப்,

கட்டத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறேன். கிணறு சரியாகத்தான் இருக்கும்.

அடுத்த வீட்டுத் தங்கமாரி, “என்னக்கா, டவுனுக்குப் போறீகளாம்ல? மெத்த வீட்டுல ஏறி உக்காந்துக்கிட்டு எங்கள யாருன்னு கேட்டுறாதீக” என்று கேலி செய்கிறாள். சிரித்து வைத்தேன்.

வருவதைப் பற்றி, ஆடி கழியட்டும், பார்க்கலாம்.

அன்புடன்
முத்துலட்சுமி


அருப்புக்கோட்டை
25.7.2025

முத்துலட்சுமி,

விடைகள் வந்துவிட்டன. ஏழு, ‘ஊருணி’. நான் எழுதியது தவறு, அது போகட்டும்.

உன்னுடைய ஏழாம் எண்ணுக்கு வருகிறேன். ‘இலையோரத்தில் துளி போதும்.’ நான்கு எழுத்து. என் கிணற்றின் ‘கி’தான் அதற்கும் முதல் எழுத்து. ‘கிச்சடி’ என்று எழுதியிருக்கிறாய். மாங்காய் ஊறுகாய்க்கு மூன்று ஊரில் பேர் வாங்கியவள் எழுதுகிற விடையா அது? கட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கிச்சடிக்கு அடியில் ‘ஊறுகாய்’ என்று எழுதி அழித்த தடம் இருக்கிறது.

ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நீ. என் விடை தவறென்று தெரிந்தே உன் விடையை மாற்றியிருக்கிறாய். என்னை முட்டாளாக்கவா? நேராகப் பதில் எழுது.

அறை காய்ந்துவிட்டது.

ஜைனப்


பரளச்சி
30.7.2025

அன்புள்ள ஜைனப்,

முட்டாளாக்க இல்லை. நீ பேனாவில் எழுதியதை நான் எப்படி அடிப்பேன்?

கான்வென்டில் ஒரே பெஞ்சில் இருந்த காலத்திலிருந்து, நீ சொல்வதும் எனக்குத் தெரிந்ததும் இடித்துக்கொண்டால் என்னுடையதைத்தான் அழித்திருக்கிறேன். இது முதல் கட்டம் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இருந்ததில்லை. வாரத்துக்கு ஒரு கட்டம். அழித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். ஒரே வீட்டில் என்றால் விடிந்ததிலிருந்து அழித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வயதில் என்னால் ஆகாது.

“அந்தம்மாதான் அம்புட்டுக் கூப்பிடுறாகல்ல, போயேம்மா” என்கிறான் ராஜபாண்டி. “இப்பவே ஜாடிக்கு மாடியாம்டா. நாளைக்கு எனக்கு எந்த மூலைன்னு கேட்டுச் சொல்லு” என்றேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் வரவில்லை, ஜைனப். கோபித்துக்கொள்ளாதே.

முத்துலட்சுமி


அருப்புக்கோட்டை
4.8.2025

அன்பு முத்துலட்சுமி,

பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். முதல் தாளில் உன் கடிதத்தின் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பாதியில்தான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது.

இந்த வாரக் கட்டம் இத்துடன் இருக்கிறது. நான் ஒன்றும் எழுதவில்லை. உன்னுடையதை நீ முதலில் பேனாவில் எழுதி அனுப்பு. என்னுடையதைப் பிறகு பென்சிலில் எழுதுகிறேன்.

ரப்பர் வாங்க நானே கடைக்குப் போனேன். “பேரப்பிள்ளைக்காம்மா?” என்றார் கடைக்காரர். “இல்ல, எனக்குத்தான்” என்றேன்.

உன்
ஜைனப்


அருப்புக்கோட்டை
25.8.2025

அன்பு முத்துலட்சுமி,

ஆடி கழிந்துவிட்டது. கட்டம் இன்னும் வந்து சேரவில்லை. அவசரம் ஒன்றுமில்லை.

விடைகள் வந்த இதழ் மேசையில் இருக்கிறது. நான் பிரிக்கவில்லை.

ஜைனப்